எறிபொருள் கணக்கு: சூத்திரத்தை விடுங்கள், நேரத்தைப் பிடியுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். எறிபொருள் இயக்கத்தில் பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்பது) மூன்றுக்கும் சூத்திரம் மனப்பாடம். நேரடியாகக் கேட்டால் போட்டுவிட முடிகிறது. ஆனால் மாடியிலிருந்து எறிந்தால், நடுவில் ஒரு சுவர் குறுக்கிட்டால், வேகத்தைக் கொடுத்துக் கோணத்தைக் கேட்டால், எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. இதை எப்படிப் பழகுவது?

உங்களைத் தடுப்பது அந்த மூன்று சூத்திரங்கள்தான் என்று நினைக்கிறேன். அவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பறக்கும் நேரமும் நெடுக்கமும் ஒரே ஒரு சூழ்நிலைக்காக எழுதப்பட்டவை: பொருள் எந்த மட்டத்திலிருந்து கிளம்பியதோ அதே மட்டத்தில் திரும்ப வந்து விழ வேண்டும். விழும் இடம் ஒரு மீட்டர் தாழ்ந்தாலும் இரண்டும் செல்லாது. கேள்வித்தாள் எடுப்பவருக்கு இது நன்றாகவே தெரியும். கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும் என்றால் அவர் முதலில் கை வைப்பது அந்த மட்டத்தில்தான். ஆகவே கொஞ்ச நாளைக்கு இந்தச் சூத்திரங்களை எட்டிப் பார்க்காமல் கணக்குப் போடுங்கள். அவை உங்களுக்குத் தேவைப்படாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அப்படியானால் கையில் என்ன மிஞ்சும்? ஒரே ஒரு கருத்து. பறக்கும் பொருளின் மேல் (காற்றை ஒதுக்கிவிட்டால்) செயல்படுவது புவியீர்ப்பு மட்டும்தான், அது கீழ்நோக்கி மட்டும் இழுக்கிறது. பக்கவாட்டில் இழுப்பதற்கோ தள்ளுவதற்கோ யாரும் இல்லை. எனவே கிடைத்தளத் திசையில் வேகம் கிளம்பியபோது எவ்வளவோ அவ்வளவேதான், கடைசி வரை. செங்குத்துத் திசையில் நடப்பது, நேராக மேலே தூக்கிப் போட்ட கல்லுக்கு நடப்பது. இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் எறிபொருளின் பாதை பரவளையம் என்று காட்டியது இந்த ஒரே பிடியை வைத்துத்தான்: சீரான ஓர் இயக்கமும் முடுக்கமுற்ற ஓர் இயக்கமும் ஒரே பொருளில் சேர்ந்து நடக்கின்றன.

இரண்டு தனித்தனிக் கதைகள் என்றால் அவற்றை இணைப்பது எது? நேரம். பக்கவாட்டில் போகும் பந்தும் மேலும் கீழும் போகும் பந்தும் ஒரே பந்து. இங்கே 2 வினாடி ஆகிவிட்டது என்றால் அங்கேயும் 2 வினாடிதான். எறிபொருள் கணக்கு எதுவாக இருந்தாலும் வழி இதுதான்: ஒரு திசையில் போதுமான விவரம் இருக்கும், அதிலிருந்து நேரத்தை எடுப்பீர்கள், அதை மற்றத் திசையில் கொண்டுபோய்ப் போடுவீர்கள். எந்தத் திசையில் போதுமான விவரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் கூட்டல் பெருக்கல்.

எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்றே வரிகள். எண்கள் கண்ணை உறுத்தாமல் இருக்கப் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்வித்தாளில் 9.8 என்று இருந்தால் கீழே 5 வரும் இடத்தில் 4.9 போடுங்கள்.

கிடைத்தளத் தூரம் = கிடைத்தள வேகம் × நேரம்

உயரம் = தொடக்க உயரம் + தொடக்கச் செங்குத்து வேகம் × நேரம் − 5 × நேரம்²

செங்குத்து வேகம் = தொடக்கச் செங்குத்து வேகம் − 10 × நேரம்

மேல்நோக்கி என்றால் கூட்டல் குறி, கீழ்நோக்கி என்றால் கழித்தல் குறி, தரை பூச்சியம். இந்த ஏற்பாட்டை நான் எந்தக் கணக்கிலும் மாற்ற மாட்டேன், நீங்களும் மாற்றாதீர்கள். கீழே எறிகிற கணக்குக்குக் கீழ்நோக்கியைக் கூட்டலாக வைத்தால் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். சுலபம்தான். ஆனால் கணக்குக்குக் கணக்கு குறியை மாற்றுகிறவர், அவசரத்தில் ஒரே கணக்குக்குள் இரண்டு குறியை வைத்துவிடுவார். இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இயற்பியலில் அல்ல, குறியில்.

சரி, ஒரு கணக்கை முழுசாகப் போடுவோம்.

15 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து, கிடைத்தளத்துக்கு மேலே 30° கோணத்தில், 20 மீ/வி வேகத்தில் எறியப்படுகிறது. அது கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையைத் தொடும்? எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் வந்து விழும்?

முதல் வேலை, 20 என்ற எண்ணை ஓரம் கட்டுவது. அது இனி எந்தச் சமன்பாட்டிலும் நேரடியாக வரக்கூடாது. அதை இரண்டாக உடைத்தாயிற்று என்றால் அதன் வேலை முடிந்தது. கிடைத்தளக் கூறு 20 × காஸ் 30° = 17.3 மீ/வி. செங்குத்துக் கூறு 20 × சைன் 30° = 10 மீ/வி. தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 17.3 என்றும் வலப்பக்கம் 10 என்றும் எழுதுங்கள். இந்தக் கோட்டைத் தாண்டிப் போக நேரத்துக்கு மட்டும்தான் அனுமதி.

இப்போது எந்தப் பக்கத்தில் விவரம் அதிகம் என்று பாருங்கள். இடப்பக்கத்தில் வேகம் தெரியும், தூரமும் தெரியாது நேரமும் தெரியாது. ஒரு சமன்பாடு, தெரியாதவை இரண்டு, நகராது. வலப்பக்கத்தில் தொடக்க உயரம் 15, தொடக்க வேகம் 10, கடைசி உயரம் பூச்சியம். தெரியாதது நேரம் ஒன்றுதான். ஆகவே வலப்பக்கம்.

0 = 15 + 10 × நேரம் − 5 × நேரம்²

5-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால் நேரம்² − 2 × நேரம் − 3 = 0. காரணிப்படுத்தினால் நேரம் 3 அல்லது −1. எடுக்க வேண்டியது 3 வினாடி. இதைக் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் கொண்டுபோனால், தூரம் = 17.3 × 3 = சுமார் 52 மீட்டர்.

பலர் இதை இரண்டு துண்டாகப் போடுவார்கள்: மேலே ஏற 1 வினாடி, அங்கே உயரம் 20 மீட்டர், அங்கிருந்து விழ 2 வினாடி, மொத்தம் 3. விடை அதேதான், தப்பே இல்லை. ஆனால் தேவையும் இல்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முடுக்கம் ஒன்றுதான் என்பதால் ஒரே சமன்பாடு முழுப் பயணத்தையும் விழுங்கிக்கொள்ளும்.

அந்த −1 ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வகுப்பில் இதைக் குப்பையென்று அடித்துவிட்டுப் போய்விடுவோம். சமன்பாட்டுக்குக் கட்டடம் என்று ஒன்று இருப்பது தெரியாது. நேரம் பூச்சியத்தில் 15 மீட்டர் உயரத்தில் இந்த வேகத்தில் ஒரு பந்து இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தப் பந்து எப்போதெல்லாம் தரை மட்டத்தில் இருக்கும் என்று கேட்டால், 3 வினாடி கழித்து இருக்கும், 1 வினாடி முன்பு இருந்திருக்கும் என்று இரண்டையும் சொல்கிறது. உண்மையிலேயே, கட்டடத்துக்கு 17.3 மீட்டர் பின்னால் தரையிலிருந்து, செங்குத்து வேகம் 20 மீ/வி இருக்கும்படி ஒருவர் எறிந்திருந்தால் அந்தப் பந்து சரியாக 1 வினாடி கழித்துக் கட்டட உச்சியை இதே வேகத்தில் கடந்து போயிருக்கும். முழுப் பரவளையமும் அங்கே இருக்கிறது, நாம் அதில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்துகிறோம்.

விழும் வேகத்துக்கு வருவோம். இங்கேதான் ஒரு பழைய சந்தேகம் தலைகாட்டும்: தரையில் விழுந்தால் நின்றுவிடுமே, அப்போது வேகம் பூச்சியம்தானே? நம் மூன்று வரிகளும் புவியீர்ப்பு மட்டும் செயல்படும் வரைக்கும்தான் செல்லும். தரை பந்தைத் தொட்ட கணத்தில் புதிதாக ஒரு விசை வந்துவிட்டது, நம் சமன்பாடுகளின் ஆட்சி அங்கே முடிந்தது. எனவே கேட்கப்படுவது தொடுவதற்குச் சற்று முன்பிருந்த வேகம். செங்குத்துக் கூறு 10 − 10 × 3 = −20 மீ/வி, கழித்தல் குறி கீழ்நோக்கிப் போகிறது என்கிறது. கிடைத்தளக் கூறு அதே 17.3. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் √(300 + 400) = √700, சுமார் 26.5 மீ/வி. கோணத்தின் டேன் மதிப்பு 20 ÷ 17.3, அதாவது கிடைத்தளத்துக்குக் கீழே சுமார் 49°.

இது சரியா என்று ஆற்றல் வழியே ஒரே வரியில் சோதிக்கலாம். கடைசி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × 10 × இறங்கிய உயரம். 400 + 300 = 700. பொருந்துகிறது. இந்தச் சோதனையில் கோணமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதே உச்சியிலிருந்து அதே 20 மீ/வி வேகத்தில் மேல்நோக்கி எறிந்தாலும், கீழ்நோக்கி எறிந்தாலும், நேர் கிடையாக எறிந்தாலும் தரையைத் தொடும் வேகம் 26.5 மீ/விதான். திசை மாறும், நேரம் மாறும், வேகத்தின் அளவு மாறாது. ஒரு மதிப்பெண் கேள்விகளில் இது அடிக்கடி வரும்.

இதே கணக்குக்கு மனப்பாட நெடுக்கச் சூத்திரத்தைப் போட்டால் என்ன வரும்? 400 × சைன் 60° ÷ 10, அதாவது 34.6 மீட்டர். உண்மை விடை 52. இந்த 34.6 மீட்டர் எதைச் சொல்கிறது என்றால், பந்து மறுபடி 15 மீட்டர் உயரத்துக்கே இறங்கி வரும் இடத்தை. கேட்கப்படாத கேள்விக்குச் சரியான விடை.

அடுத்து சுவர். தரையிலிருந்து ஒரு பந்து 25 மீ/வி வேகத்தில் உதைக்கப்படுகிறது, எறிகோணத்தின் டேன் மதிப்பு 3/4. 40 மீட்டர் தள்ளி 8 மீட்டர் உயரச் சுவர் இருக்கிறது. பந்து தாண்டுமா?

டேன் 3/4 என்றால் சைன் 3/5, காஸ் 4/5. கோணத்தைக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டரைத் தேட வேண்டியதில்லை. கிடைத்தளக் கூறு 20, செங்குத்துக் கூறு 15. இந்த முறை விவரம் இடப்பக்கத்தில் இருக்கிறது: தூரம் 40, வேகம் 20, நேரம் 2 வினாடி. வலப்பக்கம் போய் உயரத்தைக் கேட்டால் 15 × 2 − 5 × 4 = 10 மீட்டர். சுவர் 8 மீட்டர்தான், 2 மீட்டர் இடைவெளியில் தாண்டுகிறது. அப்போது பந்து ஏறுகிறதா, இறங்குகிறதா? செங்குத்து வேகம் 15 − 20 = −5. இறங்குகிறது. குறியே பதில் சொல்லிவிட்டது.

பார்த்தீர்களா, முதல் கணக்கில் நேரம் வலமிருந்து இடம் போனது, இதில் இடமிருந்து வலம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். விழும் உயரம் தெரிந்தால் செங்குத்தில் தொடங்குங்கள், போய்ச் சேரும் தூரம் தெரிந்தால் கிடைத்தளத்தில் தொடங்குங்கள். மேசை விளிம்பிலிருந்து கிடையாக உருண்டு விழும் குண்டுக் கணக்கு இதன் எளிய வடிவம். மேசை 1.25 மீட்டர் உயரம், குண்டு 3 மீட்டர் தள்ளி விழுந்தது, கிளம்பிய வேகம் என்ன? செங்குத்துத் தொடக்க வேகம் பூச்சியம், 1.25 = 5 × நேரம்², நேரம் 0.5 வினாடி, வேகம் 6 மீ/வி. அவ்வளவே.

இனி கொஞ்சம் கடினமானது. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த பகுதியும் இதுதான். வேகமும் இலக்கும் தெரியும், கோணம் தெரியாது.

20 மீ/வி வேகத்தில் எறிகிறோம். இலக்கு 20 மீட்டர் தூரத்தில், 10 மீட்டர் உயரத்தில். எந்தக் கோணத்தில் எறிய வேண்டும்?

இங்கே இரண்டு பக்கமும் முழுசாகத் தெரியாது. கோணம் இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. எனவே நேரத்தை எண்ணாக எடுக்க முடியாது, ஆனால் எழுத்தாக எடுக்கலாம். நேரம் = 20 ÷ (20 காஸ்) = 1 ÷ காஸ். இதை உயரத்தின் வரியில் போட்டால்:

10 = 20 × சைன் ÷ காஸ் − 5 ÷ காஸ்²

முதல் உறுப்பு 20 டேன். இரண்டாவதில் ஒரு சின்ன உத்தி: 1 ÷ காஸ்² என்பது 1 + டேன்². அதைப் போட்டதும் சைனும் காஸும் மறைந்து டேன் மட்டும் நிற்கிறது.

10 = 20 டேன் − 5 (1 + டேன்²)

ஒழுங்குபடுத்தினால் டேன்² − 4 டேன் + 3 = 0. டேன் 1 அல்லது 3. கோணம் 45° அல்லது சுமார் 71.6°. இந்த முறை இரண்டு தீர்வும் செல்லும், எதையும் அடிக்கக்கூடாது. 45°-இல் எறிந்தால் பந்து 1.4 வினாடியில் இலக்கை அடையும். 71.6°-இல் எறிந்தால் உயரே போய்ச் சுற்றி 3.2 வினாடியில் வந்து அடையும். ஒரே இலக்குக்குத் தாழ்ந்த பாதை ஒன்று, உயர்ந்த பாதை ஒன்று. சமதரையில் 30°-க்கும் 60°-க்கும் ஒரே நெடுக்கம் வருகிறது என்று படித்திருப்பீர்களே, அது இதன் தனி வடிவம்தான்.

இப்போது இலக்கை மட்டும் உயர்த்துங்கள், மற்றதைத் தொடாதீர்கள். 15 மீட்டர் உயரம் என்றால் சமன்பாடு டேன்² − 4 டேன் + 4 = 0. தீர்வு ஒன்றுதான், டேன் 2, கோணம் 63.4°. இரண்டு பாதைகளும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டன. இன்னும் உயர்த்தி 20 மீட்டர் ஆக்கினால் டேன்² − 4 டேன் + 5 = 0. தன்மைகாட்டி (தீர்வில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்) 16 − 20 = −4. மெய்த்தீர்வு இல்லை. கணிதம் கையை விரிக்கிறது என்றால் அதன் பொருள், இந்த வேகத்தில் எந்தக் கோணத்தில் எறிந்தாலும் அந்த இடத்தை எட்ட முடியாது என்பது. வேறு எங்கும் இல்லாத தெளிவோடு இங்கே தன்மைகாட்டியின் மூன்று நிலைகளும் மூன்று நிஜ நிகழ்வுகளாக நிற்கின்றன.

எட்ட முடிகிற இடத்துக்கும் முடியாத இடத்துக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு இருக்க வேண்டும் அல்லவா? தன்மைகாட்டியைப் பூச்சியமாக வைத்துப் பாருங்கள், அந்த எல்லைக்கோடும் ஒரு பரவளையமாகவே வரும். 20 மீ/வி வேகத்துக்கு அதன் உச்சி, எறிபவரின் தலைக்கு நேர்மேலே 20 மீட்டரில். அங்கிருந்து சரிந்து தரையை 40 மீட்டரில் தொடும். அதாவது நேராக மேலே எறிந்தால் கிடைக்கும் பெரும உயரமும், 45°-இல் எறிந்தால் கிடைக்கும் பெரும நெடுக்கமும் அதே கோட்டின் இரு முனைகள். கலிலியோவின் வழிவந்த டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பரவளையத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பாதரசக் காற்றழுத்தமானியால் நாம் அறிந்த அதே டாரிசெல்லி.

45° என்றதும் ஒரு எச்சரிக்கை. சமதரையில் காற்றில்லாமல் எறிந்தால் மட்டும்தான் 45° அதிக தூரம் கொடுக்கும். (பாதை பரவளையம் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே, 1537-இல், இத்தாலியக் கணிதர் டார்டாலியா பீரங்கிக்கு 45° என்று சொல்லிவிட்டார். விடை சரி, காரணம் சரியில்லை.) எறியும் இடம் விழும் இடத்தைவிட உயரமாக இருந்தால் சிறந்த கோணம் 45°-க்குக் குறையும். குண்டெறிதல் போட்டியில் வீரர் குண்டைத் தோளுக்கு மேலே, ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் விடுகிறார், ஆகவே அவருக்குக் கோணம் 45°-க்குக் கீழே. நடைமுறையில் வீரர்கள் அதைவிடவும் தாழ்வாகவே எறிகிறார்கள், ஏனென்றால் கோணம் ஏற ஏறக் கை கொடுக்கும் வேகம் குறைகிறது. வேகம் கோணத்தைச் சாராது என்பது பாடநூலின் வசதிக்கான அனுமானம், உடம்புக்கு அது தெரியாது.

சாய்தளக் கணக்கு வந்தால் பயந்து ஓடாதீர்கள். இரண்டு வழி உண்டு. அச்சுகளைச் சாய்தளத்தோடு சேர்த்துத் திருப்பிவைப்பது ஒன்று. அப்போது தளத்துக்குச் செங்குத்தான தூரம் பூச்சியமாகும் நேரம் உடனே கிடைத்துவிடும், ஆனால் புவியீர்ப்பை இரண்டு கூறாக உடைக்க வேண்டும், கிடைத்தள வேகம் மாறாது என்ற வசதியும் போய்விடும். அச்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு, விழும் புள்ளியில் உயரம் = தூரம் × சாய்வின் டேன் என்று எழுதுவது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், நம் மூன்று வரிகள் மாறாமல் இருக்கின்றன. சாய்தளத்தின் மேல்நோக்கி அதிக தூரம் எறிய, சாய்தளத்துக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் திசையில் எறிய வேண்டும். சமதரைக்கு அதைப் போட்டுப் பாருங்கள்: 0°-க்கும் 90°-க்கும் நடுவே 45°.

மரத்தில் தொங்கும் குரங்கை நேராகக் குறிவைத்து அம்பு விடும் அதே கணத்தில் குரங்கு கிளையை விட்டுவிடுகிறது, அம்பு படுமா என்ற கணக்கும் உங்கள் பயிற்சித்தாளில் எங்காவது இருக்கும். அதைச் சமன்பாட்டில் இறங்காமலே பார்க்கலாம். புவியீர்ப்பு இல்லையென்றால் அம்பு நேர்கோட்டில் போய்க் குரங்கின் மேல் படும். புவியீர்ப்பு இருப்பதால் அந்த நேர்கோட்டிலிருந்து அம்பு 5 × நேரம்² இறங்குகிறது. குரங்கும் தன் இடத்திலிருந்து அதே 5 × நேரம்² இறங்குகிறது. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் படத்தானே செய்யும். அம்பின் வேகம் எவ்வளவு என்பதே முக்கியமில்லை, இருவரும் தரையைத் தொடுவதற்கு முன் அம்பு அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தால் போதும். உண்மையில் எல்லா எறிபொருளையும் இப்படியே பார்க்கலாம்: நேர்கோட்டில் போவது, அதிலிருந்து விழுவது.

விடைத்தாளைத் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இன்னும் சில உண்டு. உச்சியில் வேகம் பூச்சியம் என்று எழுதுவது அதில் முதலாவது. உச்சியில் பூச்சியமாவது செங்குத்துக் கூறு மட்டும், கிடைத்தளக் கூறு அங்கேயும் உயிரோடு இருக்கிறது. முடுக்கமும் உச்சியில் பூச்சியமாவதில்லை, அதே 10 மீ/வி² கீழ்நோக்கி. இன்னொன்று, கால்குலேட்டர் ரேடியனில் இருப்பதைக் கவனிக்காமல் சைன் 30 என்று அழுத்துவது. விடை −0.988 என்று வரும், கழித்தல் குறியைப் பார்த்த பிறகும் சிலர் அதை அப்படியே பெருக்கி எழுதிவிடுவார்கள். கோணம் செங்குத்தோடு கொடுக்கப்பட்டிருந்தால் சைனும் காஸும் இடம் மாறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "செங்குத்துக் கூறு என்றால் சைன்" என்று வாய்பாடாகப் படித்தவர்கள் மாட்டுவது இங்கேதான். ஒவ்வொரு முறையும் முக்கோணம் வரையுங்கள், ஐந்து நொடி வேலை.

விடை வந்ததும் ஓரத்தில் ஒரு சோதனை போடுங்கள். கோணத்தை 90° ஆக்கினால் தூரம் பூச்சியமாகிறதா? கட்டட உயரத்தைப் பூச்சியமாக்கினால் பழைய நெடுக்கச் சூத்திரம் திரும்பக் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் எங்கோ குறி புரண்டிருக்கிறது. எழுத்தாலேயே கடைசி வரை போட்டுவிட்டுப் பிறகு எண்களைப் போடுபவர்களுக்கு இந்தச் சோதனை இலவசம். தொடக்கத்திலேயே எண்களைப் போட்டுவிட்டால் அந்த வசதி இல்லை. எண்ணில் போட்டவர்கள் ஆற்றல் சோதனையை வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் வைத்து நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு பலூன் 10 மீ/வி சீரான வேகத்தில் நேராக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. தரையிலிருந்து 75 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, அதில் இருப்பவர் ஒரு பந்தைத் தன்னைப் பொறுத்துக் கிடையாக 8 மீ/வி வேகத்தில் எறிகிறார். எறிந்த இடத்துக்கு நேர்கீழே தரையில் உள்ள புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் பந்து விழும்? 40 மீட்டர் வந்தால் சரி. 31 மீட்டர் வந்தால், கிடையாக எறிந்தார் என்ற சொல்லை நம்பி வலப்பக்கத்தில் பூச்சியம் எழுதியிருக்கிறீர்கள். கையை விட்டுப் பந்து கிளம்பும்போது பலூனின் 10 மீ/வியும் அதனோடு சேர்ந்தே கிளம்புகிறது.